அம்மா ஏன் முறுக்கை ஊறவைக்கிறார்?

கேள்வி: ஜப்பானில் ஃபுகுவோகாவில் வேலை பார்க்கிறேன். கககோஷிமா போனபோது அங்கே மண்ஜாடிகளில் ஊறவைக்கும், அரிசியில் செய்த கறுப்பு வினிகரைப் பார்த்தேன். ஆன்டிஆக்ஸிடன்ட் (செல்கள் சேதமாகாமல் காக்கும் என்று சொல்லப்படும் சத்து) நிறைய, வயதானவர்களுக்கு ரொம்ப நல்லது என்றார்கள். மதுரையில் இருக்கும் அம்மாவுக்கு (வயது 68, சுகர், பிரஷர் இரண்டுக்கும் மாத்திரை உண்டு) அனுப்பிவருகிறேன். தினமும் காலை வெறும் வயிற்றில் ஒரு மூடி அளவு, தண்ணீர் கலக்காமல். வீடியோ காலில் குடிக்கவைத்துவிட்டுத்தான் வேலையில் உட்காருவேன். மற்றபடி நன்றாகவே இருக்கிறார், முறுக்கைக்கூட காபியில் ஊறவைத்துத்தான் சாப்பிடுகிறார் என்று தங்கை சொன்னாள், வயசாகிறது இல்லையா. முழுப் பலன் கிடைக்க அளவைக் கூட்டலாமா?

பதில்: கூட்ட வேண்டாம் தம்பி, இன்றோடு நிறுத்துங்கள். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பாட்டில், பவுடர், மாத்திரை பற்றி இதே மாதிரிக் கடிதங்கள் எனக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன, அதனால் "நல்ல பிள்ளை" என்று முதுகில் தட்டிவிட்டு ஆரம்பிக்கப் போவதில்லை.

அந்த முறுக்கை எடுத்துக்கொள்வோம். 68 வயதில் ஒரு மனுஷி முறுக்கை ஊறவைத்துச் சாப்பிடுகிறார் என்றால் கடிக்க முடியவில்லை என்று அர்த்தம். இது எப்போது ஆரம்பித்தது, பாட்டில் வருவதற்கு முன்பா பின்பா? உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் நீங்கள் கேட்கவில்லை. பிஎச் என்பது புளிப்பின் அளவுகோல், எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். பல்லின் மேல்பூச்சான எனாமல், பிஎச் 5.5-க்குக் கீழே போனாலே இளக ஆரம்பிக்கும், வினிகரோ 3-க்குப் பக்கத்தில் நிற்கிற அமிலம். அதைத் தண்ணீர்கூடக் கலக்காமல் தினமும் காலையில் பல்லில் ஊற்றுகிறீர்கள். முடிந்ததும் அவர் பல் தேய்க்கிறார் என்றால் இளகிய எனாமலைப் பிரஷ்ஷும் சேர்த்துத் தேய்த்து எடுக்கும். பல்லில் வேறு கோளாறும் இருக்கலாம், அதை டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும், ஆனால் "வயசாகிறது இல்லையா" என்று நீங்களே தீர்ப்பு எழுதியிருக்கக் கூடாது.

சரி, அந்த ஆன்டிஆக்ஸிடன்ட். பொய் இல்லை. நீங்கள் பார்த்த வினிகர் தீட்டாத அரிசியில் செய்வது, அந்தத் தவிட்டிலிருந்து வரும் பீனால் வகைச் சத்துகள் அதில் உண்டு. கககோஷிமாவின் ஃபுகுயாமா என்ற ஊரில் வெட்டவெளியில் வரிசையாக ஜாடி வைத்து, அவித்த அரிசி, கோஜி (பூஞ்சை வளர்த்த அரிசி), தண்ணீர் மூன்றையும் ஒன்றாகப் போட்டு, மாவுச்சத்து சர்க்கரையாகி, சாராயமாகி, கடைசியில் புளிப்பாவது வரை எல்லாம் அதே ஜாடிக்குள் நடக்கும். அப்புறம் மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் கிடந்துதான் அந்த நிறம் ஏறுகிறது. அருமையான கைத்தொழில், மறுக்கவே இல்லை. ஆனால் ஆன்டிஆக்ஸிடன்ட் பெருமை பெரும்பாலும் சோதனைக் குழாயிலும் எலியிடமும் பார்த்தது. குழாயில் வேலை செய்வது உங்கள் அம்மாவின் ரத்தத்திலும் அப்படியே செய்யும், நோயைத் தள்ளிப்போடும் என்று யாரும் நிரூபிக்கவில்லை.

மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வும் உங்கள் ஜப்பானிலேயே இருக்கிறது. 2009-இல் வெளியானது, ஆப்பிள் வினிகர், 12 வாரம், பருமனானவர்களுக்கு. எடை ஒன்றிரண்டு கிலோ குறைந்தது. அதில் ஒரு நாளைக்கு 15 அல்லது 30 மில்லி வினிகரை அரை லிட்டர் பானத்தில் கலந்து, காலையிலும் ராத்திரியும் சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பாதியாகக் கொடுத்தார்கள். வெறும் வயிற்றில், மூடியில் ஊற்றி மடக்கென்று குடிக்கச் சொல்லவில்லை.

சாப்பிட்ட பிறகு ஏறும் சுகரையும் வினிகர் கொஞ்சம் இறக்கும், அதனால்தான் சுகர் மாத்திரையோடு சேரும்போது கவனம் வேண்டும். பிரஷர் மாத்திரையில் நீர் பிரிக்கும் வகை இருந்தால் அது உடம்புக்குத் தேவையான பொட்டாசியம் என்ற தாது உப்பை இறக்கலாம், அளவு மீறிய வினிகரும் இறக்கலாம். இதை டாக்டரிடம் சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை.

இன்னொன்று, எனக்கு ரொம்பக் கோபம் வந்த இடம் இதுதான். அந்த வீடியோ கால். மகன் ஜப்பான் நேரம் ஒன்பதரை மணிக்கு வேலையில் உட்கார வேண்டும் என்று மதுரையில் ஒரு அம்மா காலை ஆறு மணிக்கு மூடியோடு தயாராக நிற்கிறார். பல் கூசினாலும் மகன் அனுப்பியதை வேண்டாம் என்பாரா? நம் வீட்டு அம்மாக்கள் சொல்லவே மாட்டார்கள். அவர் முழுங்குவதை மட்டும் பார்த்துவிட்டு போனை வைப்பதற்குப் பெயர் பார்த்துக்கொள்வது இல்லை. பார்த்துக்கொள்வது உங்கள் தங்கை. முறுக்கைக் கவனித்தது அவள், உங்களிடம் சொன்னதும் அவள், நீங்கள் அதைக் காதில் வாங்கவில்லை. பெற்றவளுக்குச் செய்வதில் பக்கத்தில் இருப்பவர் பேச்சுக்குத்தான் முதல் மரியாதை, பணம் அனுப்புபவர் பேச்சு அதற்கு அப்புறம்தான்.

மீதிப் பாட்டில் வீணாக வேண்டாம். டாக்டர் சரி என்றால் வெள்ளரிக்காய் பச்சடியில் ஒரு ஸ்பூன் விடலாம், சாப்பாட்டோடு, பிறகு வாய் கொப்பளித்துவிட்டு. பிடிக்கவில்லை என்றால் தங்கை கீழே கொட்டட்டும், காரணம் கேட்காதீர்கள்.

இன்றைக்கு சாயங்காலம் தங்கைக்குப் போன் போடுங்கள். பல் டாக்டரிடம் யார் கூட்டிப்போவது, அவளுக்கு எந்த நாள் லீவு கிடைக்கும் என்று கேளுங்கள். செலவு முழுக்க உங்களுடையது, அவள் லீவு போட்டுச் சம்பளம் பிடித்தால் அதுவும் சேர்த்து.