மலையாள எழுத்தில் ஞானப்பாட்டு

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் கேரள எல்லையில் பாறசாலைப் பக்கம். எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் ஞாயிறு காலை தமிழ் ஆராதனை. முன்பு நிற்க இடம் இருக்காது. இப்போது பின் பெஞ்சுகள் காலி. பிள்ளைகள் வீட்டில் தமிழ்தான் பேசுகிறார்கள், படிப்பது மலையாளமும் இங்கிலீஷும். பாட்டுப் புத்தகத்தைக் கொடுத்தால் விழிக்கிறார்கள். பாட்டை மலையாள எழுத்தில் திரையில் போடலாமே என்று இளையவர்கள் கேட்டோம். 'இன்றைக்கு எழுத்து போகும், நாளைக்கு விசுவாசம் போகும்' என்று கமிட்டியில் பெரியவர்கள் மறுத்துவிட்டார்கள். எதுவரை மாறலாம் அண்ணா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

திரையில் போடுங்கள். புரிந்து பாடுகிற பிள்ளைக்கு எழுத்து ஒரு தடையாக இருக்கக்கூடாது.

ஆனால் பெரியவர்களிடம் பொறுமையாகப் பேசுங்கள். 1956 நவம்பர் 1-ல் களியக்காவிளை தமிழ்நாட்டுக்கு வந்தது, பாறசாலை கேரளத்தில் நின்றது. ஒரே குடும்பத்தின் கல்லறைகள் இரண்டு மாநிலத்தில் ஆயின. 1959-ல் கன்னியாகுமரிப் பேராயமும், அதாவது அந்தப் பகுதிச் சபைகளின் நிர்வாகமும், தனியானது. அந்தப் பக்கம் நின்றுவிட்ட பல வீடுகளுக்குத் தமிழ் எழுத்தைக் கண்ணால் பார்க்கிற இடமே கோவில்தான். அதையும் எடுத்துவிடுவீர்களோ என்ற பயம் நியாயமான பயம். அதனால் ஒரு வரி தமிழில், அதன் கீழே மலையாள எழுத்தில் என்று இரண்டையும் போடலாம். ராகத்தைப் பெரியவர்களே சொல்லிக்கொடுக்கட்டும்.

பெரியவர்கள் கையில் இருக்கும் வேதாகமமே ஒரு மாற்றத்தில் வந்ததுதான். 1871-ல் மிஷனரி ஹென்றி பவர் திருத்திய மொழிபெயர்ப்பு வந்தபோது, லுத்தரன் சபைகள் பதினெட்டாம் நூற்றாண்டு மிஷனரி பப்ரிசியஸின் பழைய மொழிபெயர்ப்பை விட மனம் வராமல் அதையே வாசித்துவந்தார்கள். இன்று அதே 1871 மொழியைத்தான் மாற்றக்கூடாது என்கிறோம்.

எருசலேம் சபைக்கும் இந்தத் தகராறு வந்தது. அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தைக் கமிட்டியில் வாசிக்கச் சொல்லுங்கள். கிரேக்கம் பேசிய விதவைகளை அன்றாட விசாரணையில், அதாவது தினசரி உதவிப் பங்கீட்டில், விட்டுவிடுகிறார்கள் என்று முறுமுறுப்பு. பொறுப்புக்கு ஏழு பேரைத் தெரிந்துகொண்டார்கள். ஏழு பேருக்கும் கிரேக்கப் பெயர். குறை சொன்ன பக்கத்து ஆட்களிடமே பந்தியை ஒப்படைத்ததாகத்தான் எனக்குப் படுகிறது. உங்கள் கமிட்டியில் முப்பது வயதுக்குக் கீழே எத்தனை பேர்?

அப்புறம், எங்கே நிற்க வேண்டும் என்ற கேள்வி. இதில் என் மனதை அறுப்பது வேறு விஷயம்.

உலை கொதித்ததும், அரிசியைக் களையும் முன்னால், அம்மா ஒரு பிடி அள்ளி அடுக்களை மூலையில் இருந்த தகரப் பெட்டியில் போடுவார். திங்கட்கிழமை அந்த அரிசி தகரத்தில் சடசடவென்று விழும். சனிக்கிழமை அரிசிமேல் அரிசி விழுந்து சத்தமே கேட்காது. வீட்டில் அரிசி குறைந்த நாளில் பிடி சின்னதாகும், இல்லாமல் போகாது. ஞாயிற்றுக்கிழமை அது கோவிலுக்குப் போகும், அங்கிருந்து கஷ்டப்படுகிற வீட்டுக்குப் போகும்.

இப்போது எங்கள் கோவில் வாசலில் க்யூஆர் அட்டை ஒட்டியிருக்கிறது. நானும் அதில்தான் போடுகிறேன். அதில் தப்பு ஒன்றும் இல்லை, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளும் அனுப்ப முடிகிறது. ஆனால் தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் இன்னொரு வீட்டை நினைத்த அந்த ஒரு கணம் போய்விட்டது. அம்மா அதை யாரும் நினைவூட்டாமல் செய்தார். பிடியரிசி நின்றுபோனபோது எங்கள் கமிட்டியில் ஒருவரும் விசுவாசம் போகிறது என்று எழுந்து நிற்கவில்லை. நானும் நிற்கவில்லை. எழுத்துக்காகச் சண்டை போட்டிருப்போம்.

அடுத்த கூட்டத்தில் திரையைப் பற்றிப் பேசும்போது இதையும் கேளுங்கள்: உங்கள் சபையில் பிடியரிசி இப்போதும் இருக்கிறதா, இருந்தால் எந்த வீட்டுக்குப் போகிறது, படுக்கையில் கிடக்கும் பெரியவர்களைக் கடைசியாக யார் போய்ப் பார்த்தார்கள்? என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்