முதலாளி கையெழுத்துப் போட்டால்தான் கதையா?

கேள்வி: ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரை ஒட்டி வரும் ஆங்கில நாவல்களை வளைகுடாவில் வேலை பார்த்த காலத்திலிருந்து வாசித்துவருகிறேன். கண்ணாடி உலகம் என்று சொல்லி அதே கேப்டன் கிர்க்கையும் அவர் துணை அதிகாரி ஸ்பாக்கையும் கொடியவர்களாக்கி எழுதியதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் 2021-இல் 'கோடா' என்ற பெயரில் மூன்று நாவல்கள் போட்டு, இருபது வருடமாக நாங்கள் வாசித்த கதை முழுவதும் ஏதோ ஒரு கிளை உலகத்தில் நடந்தது, அசல் அல்ல என்று சொல்லி எல்லாரையும் அழித்துவிட்டார்கள். இது வாசகனை ஏமாற்றுவது இல்லையா? இந்தப் போலிகளுக்குச் சென்ற இதழில் நான்கு பக்கம் ஒதுக்கிய உங்களை என்ன சொல்வது? தமிழில் இந்தக் கூத்தெல்லாம் இல்லாதது நம் புண்ணியம்.
— வாசகர் ஒருவர், குழித்துறை

பதில்: கடைசி வரியிலிருந்தே வருகிறேன் ஐயா. தமிழில் இந்தக் கூத்து இல்லை என்று குழித்துறையில் உட்கார்ந்துகொண்டு எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? நாகர்கோவிலுக்கு வரும்போது பார்வதிபுரம் பக்கம் கள்ளியங்காடு என்று ஓர் இடம் வருமே, அந்த நேரம் பார்த்துத் தூங்கிவிடுவீர்களா?

நீலியைத்தான் சொல்கிறேன். வடக்கே, திருவாலங்காட்டுக்குப் பக்கத்துப் பழையனூரில் அவள் கணவனால் கொல்லப்பட்டவள். அடுத்த பிறவியில் அவனைத் தேடிப் பிடித்து, கள்ளிக் கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் புருஷன் என்று ஊரார் முன்னால் வழக்காடி, அவனைத் தீர்த்துக்கட்டுகிறாள். அவன் உயிருக்குப் பிணை நின்ற எழுபது வேளாளர்களும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள். இந்தப் பேய்மீது ஒரு சமணப் புலவருக்குக் கண் விழுந்தது. பெயர் தெரியாத அந்த மனிதர் எழுதிய 'நீலகேசி'யில், முனிவரைப் பயமுறுத்த வந்த அதே பழையனூர்ப் பேய் அவரிடமே உபதேசம் வாங்கி, ஊர் ஊராகப் போய் பௌத்தர், ஆசீவகர், சாங்கியர் என்று ஒருவர் விடாமல் வாதத்தில் மடக்குகிறது. ஐஞ்சிறுகாப்பியத்தில் ஒன்று என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். அப்புறம் நம் ஊர் நீலி. நகைக்கு ஆசைப்பட்டுக் காதலன் கள்ளிக்காட்டில் கொன்றுபோட்ட தாசிப்பெண், பழி தீர்த்த பிறகு இசக்கியாகி முப்பந்தலில் உட்கார்ந்து பொங்கல் வாங்கிக்கொள்கிறாள். மலையாளக் கரைக்குப் போனால் கடமற்றத்துக் கத்தனார் என்ற பாதிரியார் மந்திரத்தால் அடக்கிய யட்சியும் இவளேதான். 2025-இல் ஒரு மலையாளப் படம் இவளைப் பெங்களூரில் இறக்கிச் சூப்பர் ஹீரோயினாகவே ஆக்கிவிட்டது.

கொடைவிழாவில் வில்லுப்பாட்டு அண்ணாவி வில்லடித்து நீலி கதை பாடும்போது யாராவது எழுந்து, நிறுத்தும், பழையனூர் நீலிதான் அசல் என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? சொன்னால் வீசுகோல் அடுத்து எங்கே விழும் என்பது வேறு விஷயம்.

அது நாட்டார் கதை, இது வியாபாரம் என்பீர்கள். சரி, வித்தியாசம் இருக்கிறது. நீலிக்கு முதலாளி கிடையாது. ஸ்பாக்குக்கு உண்டு. உங்கள் கோபம் முழுவதும் இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது, ஆனால் அதைக் கொண்டுபோய் எழுத்தாளர்கள் தலையில் கொட்டுகிறீர்கள்.

உரிமம் வாங்கி எழுதுகிறவரின் நிலைமை என்ன? தொடரின் சொந்தக்காரர் கதைச்சுருக்கத்தைப் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். தொடர் ஓடிக்கொண்டிருந்தால், முதல் பக்கத்தில் இருந்த ஆட்களைக் கடைசிப் பக்கத்தில் கை கால் குறையாமல், கல்யாணம்கூட ஆகாமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நாளைக்கு ஒளிபரப்பாகும் கதையில் அவர்கள் வேண்டுமே. வாடகைக் கார் ஓட்டுவது போன்ற பிழைப்பு அது. எது செய்தாலும் எதுவும் ஆகாத ஒரு மனிதனை வைத்துக்கொண்டு நாவல் எழுதச் சொன்னால் எழுத்தாளர் எங்கே போவார்? மாற்று உலகத்துக்குத்தான் போவார். அங்கேதான் கிர்க் தோற்கலாம், பின்னால் வந்த தொடரின் கேப்டன் பிக்கார்ட் கெட்டுப்போகலாம், ஸ்பாக் சாகலாம். போலி என்று நீங்கள் சொல்லும் இடத்தில்தான் ஒரு செயலுக்கு விளைவு என்று ஒன்று இருக்கிறது.

இது நேற்றைய சங்கதியும் இல்லை. ஸ்டார் ட்ரெக்கில் பெரியவர்களுக்கென்று புதுக் கதையோடு வந்த முதல் நாவல் ஜேம்ஸ் பிளிஷ் 1970-இல் எழுதியது. அதிலேயே ஆளை நொடியில் வேறிடத்துக்கு அனுப்பும் டிரான்ஸ்போர்ட்டர் கருவியின் கோளாறில் இரண்டு ஸ்பாக் வந்து நிற்கிறார்கள். எது அசல் என்று கப்பலில் யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் மற்றவரின் கண்ணாடிப் பிம்பம், அதுவும் அணுக்கள் வரைக்கும். இடம் வலம் மாறிப்போன உடம்புக்கு சாதாரண உணவு செரிக்காது என்பதால் அந்த ஸ்பாக் ஆய்வுக்கூடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு தனக்கான அமினோ அமிலத்தைத் தானே தயாரிக்க வேண்டியிருக்கிறது. உயிர்வேதியியலை வைத்து இவ்வளவு அழகாக ஆள் கண்டுபிடிக்கும் கதை வேறு எங்கே வாசித்தோம்? நீங்கள் கேட்ட கேள்வியை உங்களுக்கு அரை நூற்றாண்டு முன்னாலேயே ஒரு நாவல் கேட்டுவிட்டது.

கண்ணாடி உலகத்துக்கு வருவோம். 1967 அக்டோபர் 6 அன்று ஒளிபரப்பான ஒரே ஓர் அத்தியாயம்தான் அதன் மூலம். நல்லவர்களின் கூட்டமைப்புக்குப் பதிலாகக் கொலைகாரப் பேரரசு, தாடி வைத்த ஸ்பாக். தவறி அங்கே போய்விட்ட நம் கிர்க், திரும்பும்போது அந்தத் தாடிக்கார ஸ்பாக்கிடம், இந்தப் பேரரசு நிலைக்காது, நீ ஏன் மாற்றக்கூடாது என்று கேட்டுவிட்டுப் போகிறார். அதற்குப் பிறகு என்ன ஆனது என்று தொலைக்காட்சி 1994 வரை சொல்லவில்லை. சொன்னபோதும் கிர்க் முகத்தில் கரி பூசியது: ஸ்பாக் சீர்திருத்தினார், அதனால் பேரரசு பலவீனமாகி எதிரிகள் பிடித்துக்கொண்டார்கள், மனிதர்கள் அடிமையானார்கள். டேவிட் மேக் என்ன செய்தார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், 2007-இலும் பிறகு விரித்து 2010-இலும் வந்த நாவல் உங்கள் அலமாரியிலேயே இருக்கும். அதில் ஸ்பாக் தெரிந்தே தோற்கிறார். பேரரசன் ஆகிறார், அதிகாரத்தைத் தானே கலைத்துக் குடியரசு ஆக்குகிறார், அது வீழும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, பல தலைமுறை கழித்து முளைக்கட்டும் என்று விதையை ஒளித்துவைக்கிறார். நம் உலகத்து ஸ்பாக்குக்கு இப்படி ஒரு முடிவெடுக்கும் வாய்ப்பை எந்தத் தொடரும் கொடுத்ததில்லை. ஆனால் எடுக்கிறவர் ஸ்பாக்தான் என்பதில் சந்தேகமே வராது. அந்தத் தர்க்கம், அந்தப் பிடிவாதம் அவருடையதுதான். பேயானாலும் காப்பியத் தலைவியானாலும் நீலி சபையில் நின்று வழக்காடுவதை விடவில்லை பாருங்கள், அதுபோல.

டயேன் டுவேன் 1993-இல் எழுதிய நாவல் இன்னொரு வழி. அதில் பேரரசு விழவே இல்லை. பிக்கார்ட் அங்கே மாட்டிக்கொண்டு, அந்த உலகத்து ஷேக்ஸ்பியரைப் புரட்டிப் பார்க்கிறார். கருணை இருக்க வேண்டிய இடத்தில் கருணை இல்லை. ஒரு சமூகம் எங்கே வழி மாறியது என்பதைத் துப்பாக்கியைக் காட்டாமல் புத்தகத்தைக் காட்டிச் சொன்னது எனக்கு இன்றும் பிடித்த இடம். சில மாதத்திலேயே தொலைக்காட்சி வேறு மாதிரி சொல்லிவிட்டது. அதனால் அந்தப் பக்கங்களில் ஓர் எழுத்தாவது அழிந்ததா?

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. பாதிக்கு மேல் வெறும் தாடி. கத்தி, தோல் உடுப்பு, துரோகம், படுக்கையறை, மறுபடி கத்தி. பெயரை எடுத்துவிட்டு வேறு பெயர் போட்டாலும் கதை நகரும். அவற்றைத் திட்டுங்கள், நானும் கூட வருகிறேன்.

'கோடா'வைத் திட்டுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. 2001-இலிருந்து நாவல்கள் தொலைக்காட்சிக்குக் காத்திருக்காமல் கதையைக் கொண்டுபோயின. பிக்கார்டும் கப்பல் மருத்துவர் பெவர்லியும் கல்யாணம் செய்து ரெனே என்ற மகனைப் பெற்றார்கள். 2020-இல் பிக்கார்ட் பெயரிலேயே தொடர் வந்தது. அதில் மனைவியும் இல்லை, பிள்ளையும் இல்லை. சொந்தக்காரர் வேறு வழி போய்விட்டார். நாவல்களைப் பாதியிலேயே நிறுத்தியிருக்கலாம். ஸ்டார் வார்ஸில் 2014 ஏப்ரலில் அப்படித்தான் நடந்தது. பழைய நாவல்களுக்கு 'லெஜண்ட்ஸ்' என்று முத்திரை குத்தி ஓரம்கட்டிவிட்டு, 1991-இல் திமத்தி ஸான் உருவாக்கிய த்ரான் என்ற வில்லனை மறுபடி எடுத்துக்கொண்டு, 2017-இல் அதே ஸானையே அவனைப் புதிதாக எழுதவைத்தார்கள்! ஸ்டார் ட்ரெக்கில், அந்த நாவல் உலகத்தில் ஏற்கெனவே எழுதிய வார்ட், ஸ்வாலோ, மேக் மூவரும் உட்கார்ந்து முறையாக முடித்துவைத்தார்கள். 1996-இல் வந்த படத்தில் நடந்த காலக்குளறுபடியில் பிரிந்த கிளை இது, இது தொடர்ந்தால் மற்ற உலகங்களும் அழியும் என்று தெரிந்து, அந்த மனிதர்கள் தாங்களே தங்கள் உலகத்தை விட்டுக்கொடுக்கிறார்கள். நீங்கள் அழித்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நாவலில் அதை முடிவெடுத்தவர்கள் நீங்கள் நேசித்த அதே ஆட்கள்தான். இன்னொன்றும் கேளுங்கள்: 2023-இல் தொலைக்காட்சியும் பிக்கார்டுக்கும் பெவர்லிக்கும் ஒரு மகனைக் கொடுத்தது. பெயர் மட்டும் ஜாக்.

1956 நவம்பர் 1 அன்று நம் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு இந்தப் பக்கம் வராமல் இருந்திருந்தால், நீங்கள் இந்தக் கடிதத்தைக் கோட்டயத்து வார இதழ் ஒன்றுக்கு மலையாளத்தில் எழுதியிருப்பீர்கள். கோபம் இதே கோபமாகத்தான் இருந்திருக்கும். அந்தக் குழித்துறைக்காரர் போலி என்று யார் சொல்வது? நான் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் இருபது வருடம் காசு கொடுத்து வாங்கி வாசித்து, சிரித்து, தூக்கம் கெட்ட கதையைப் போலி என்று அமெரிக்காவில் ஒரு நிறுவனம் சொன்னதும் சரி என்று தலையாட்டுகிறீர்கள். அவர்களுக்குச் சொந்தம் அடுத்த படத்தை எடுக்கும் உரிமை. உங்களுடைய வாசிப்பையும் சேர்த்து அவர்களுக்கு எழுதிக்கொடுத்தது யார்?

நான்கு பக்கம் ஒதுக்கியதற்கு வருத்தம் இல்லை. அடுத்த இதழில் இன்னும் இரண்டு பக்கம் வருகிறது.

தமிழில் இதை எழுதச் சட்டத் தடையும் பெரிதாக இல்லை. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாகி எத்தனையோ வருடமாகிறது. அதற்கு வெகுகாலம் முன்பே விக்கிரமன் வந்தியத்தேவனைத் தன் நாவலுக்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டார், யாரும் எது அசல் என்று கொடி பிடிக்கவில்லை. இருந்தாலும் எல்லாரும் வந்தியத்தேவனை விட்ட இடத்திலிருந்து நல்லபடியாகத் தொடர்கிறார்களே தவிர, பழுவூர் மாளிகையில் நந்தினியின் பேச்சை நம்பிவிட்ட வந்தியத்தேவனை யாராவது யோசிக்கலாம் அல்லவா? அவன் குறும்பு அப்படியே இருக்க வேண்டும், அது சோழ நாட்டை எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்க்க வேண்டும். இவ்வளவு வாசித்த நீங்களே எழுதலாம். கைப்பிரதி மூவாயிரம் சொல்லுக்குள் இருக்கட்டும், மாத முடிவுக்குள் கிடைத்தால் வாசித்துவிட்டுச் சொல்கிறோம். மீசையை மட்டும் மாற்றி அனுப்பினால் திரும்பி வரும், தபால்தலை ஒட்டிய உறையும் கூடவே வையுங்கள்.