இரண்டாவது டிஸ்க்கை இப்போதே கழற்றாதீர்கள்

தண்டையார்பேட்டை நண்பருக்கு,

நாஸ் பெட்டியில் (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி) இருந்த இரண்டு 2 டிபி டிஸ்க்குகளில் ஒன்றை எடுத்துவிட்டு 8 டிபி போட்டும் இடம் கூடவில்லை, மற்றதையும் கழற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். உங்களுடையது ரெய்டு 1. இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தரவுதான் இருக்கும். கிடைக்கும் இடம் சின்ன டிஸ்க்கின் அளவுதான். கோளாறு ஒன்றும் இல்லை.

ரீபில்ட், அதாவது பழைய டிஸ்க்கில் இருப்பதைப் புதியதில் நகலெடுக்கும் வேலை, முழுதாக முடிந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். அதற்குள் பழையதை உருவினால் புதியதில் அரைகுறையாகத்தான் இருக்கும், கதை முடிந்தது. முடிந்த பிறகு இரண்டாவது 8 டிபியைப் போட்டு இன்னொரு ரீபில்ட். அப்புறம் வால்யூமை, அதாவது தரவு வைக்கும் இடத்தை, விரிவாக்கும் வேலையைப் பல பெட்டிகளில் நாமே அமைப்புகளுக்குள் போய்ச் செய்ய வேண்டும். கடைசியில் 8 டிபிக்குப் பதில் 7.27 என்று காட்டினால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், கணக்கிடும் முறைதான் வேறு.

ரிச்சி தெருவில் வாங்கும்போது சிஎம்ஆர் (தரவுத் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாத வகை) டிஸ்க்கா என்று மாடல் எண்ணை வைத்துப் பாருங்கள். தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் எஸ்எம்ஆர் வகையில் ரீபில்ட் ஆமை வேகம்தான். யுபிஎஸ்ஸும் அவசியம். நான் ராயபுரம், ஒரு மழை நாளில் பாதி ரீபில்டில் கரன்ட் போய், விடிய விடிய பெட்டியின் விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கழற்றி வைத்த அந்த 2 டிபியை ஃபார்மட் செய்துவிடாதீர்கள். கழற்றிய நாள் வரைக்குமான நகல் அதில் இருக்கிறது. ரீபில்ட் எத்தனை சதவீதம் காட்டுகிறது என்று சொல்லுங்கள்.