பழைய சவரக்கத்தியைத் திரும்பக் கூராக்குவது: வாசகர் கேள்விகள்

பழைய சாமான் கடையில் ஐந்தாறு சவரக்கத்திகள் கிடக்கின்றன. எதை எடுப்பது? (கல்முனை)

வாயை, அதாவது வெட்டும் ஓரத்தைப் பாருங்கள். முதுகில் உள்ள கறளும் அலகின் கறுப்பும் பெரிய விசயமல்ல. வாயோடு ஒட்டி, ஒரு மில்லிமீற்றருக்குள் கறள் குழி விழுந்திருந்தால் கத்தியை வைத்துவிடுங்கள். தீட்டத் தீட்ட அந்தக் குழிகள்தான் வாயாக வரும், பொருபொருவென்று உதிரும். வாயை நகத்தின் மேல் அழுத்தாமல் இழுத்துப் பார்த்தால், மயிரிழை வெடிப்பு இருக்கும் இடத்தில் சிக்கும். வெடித்த கத்தி அலங்காரத்துக்கு மட்டும்தான்.

முதுகு ஒரு பக்கம் மட்டும் பட்டையாகத் தேய்ந்திருந்தாலும் யோசியுங்கள். கல்லில் படுக்கும்போது கோணத்தைத் தீர்மானிப்பது முதுகுதான். மூடும்போது அலகு பிடியின் ஓரத்தில் உரசுவது திருத்தக்கூடிய குறை. அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள்.

'இங்கிலாந்து' என்று பொறித்திருக்கிறது. எவ்வளவு பழசு? (மட்டக்களப்பு)

1891 முதல் அமெரிக்காவுக்குள் போகும் பொருட்களில் உற்பத்தி நாட்டின் பெயர் இருக்கவேண்டும் என்று அந்நாட்டுச் சட்டம் கேட்டது. அதனால் நாட்டுப் பெயர் இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. பெயர் இல்லாததை வைத்து மட்டும் வயதைக் கூட்டாதீர்கள். இலங்கைக்கு வந்த கத்திக்கு அந்தச் சட்டம் பொருந்தாது.

தேசிக்காய்ப்புளி போட்டுக் கறளை எடுக்கலாமா? (அம்பாறை)

வேண்டாம். புளி கறளோடு உருக்கையும் தின்னும், அலகு சாம்பல் நிறமாகும், ஆணி மூட்டுக்குள் ஊறியது வெளியே வராமல் உள்ளே அரிக்கும்.

தையல் மெசின் எண்ணெய் பூசி ஓரிரவு வையுங்கள். மறுநாள் வாயில் ரேப் ஒட்டி, அலகை மரப்பலகையில் முழுதாகப் படுக்கவைத்துப் பிடியுங்கள். அந்தரத்தில் பிடித்துத் தேய்த்தால் மெல்லிய அலகு முறியும். தண்ணீரில் நனைக்கும் அரத்தாளைத் தக்கையில் சுற்றி, நீளவாக்கில் 400, 600, 1000, 2000 எண் தாள்கள் என்று போங்கள் (எண் கூடக் கூடத் தாள் நைசு). முந்தின தாளின் கீறல் மறைந்த பிறகுதான் அடுத்தது. அலகில் பொன்னிற எழுத்து இருந்தால் அதைத் தொடாதீர்கள். ஒருமுறை தேய்த்தாலே போய்விடும்.

கிறைண்டரில் பிடித்தால் வேகமாக முடியாதா? (ஏறாவூர்)

முடியும், கத்தியும் முடிந்துவிடும். சுமார் 200 பாகை செல்சியஸைத் தாண்டினாலே உருக்கின் கடினம் குறையத் தொடங்கும். வாய் கடதாசிபோல மெல்லியது; இரண்டு மூன்று செக்கனில் நீலமாகும். நீலமான இடத்தில் கூர் நிற்காது.

மஞ்சள் நிறப் பிடி, புளித்த மணம், அதற்குள் இருக்கும் பகுதி மட்டும் கறள். ஏன்? (கல்லடி)

பிடி செலுலொயிட்டாக, அதாவது பழையகாலப் பிளாஸ்ரிக்காக இருக்கவேண்டும். அது சிதையும்போது விடும் ஆவி ஈரத்தோடு சேர்ந்து நைத்திரிக் அமிலமாகிறது. கறளை எத்தனை தரம் எடுத்தாலும் அந்தப் பிடிக்குள் மூடி வைத்தால் திரும்ப வரும். நல்ல நிலையில் உள்ள செலுலொயிட்டைச் சூடேறத் தேய்த்தால் கற்பூரம் மணக்கும். கொம்பா என்று அறியச் சூட்டூசி குத்தும் பழக்கத்தை இங்கே விடுங்கள், செலுலொயிட் பற்றியெரியும்.

கெட்ட பிடியை உடனே கழற்றுங்கள், மற்றக் கத்திகளிலிருந்தும் விலக்குங்கள். ஆணித் தலையை அரத்தால் அராவி, மெல்லிய குத்தூசியால் தட்டி எடுக்கவேண்டும். அலகை அப்பச்சோடாக் கரைசலில் கழுவித் துடைத்துக் காயவையுங்கள். புதுப்பிடிக்கு எருமைக்கொம்பு அல்லது கருங்காலி, 3 மில்லிமீற்றர் தடிப்பு. ஆணிக்கு 1.6 மில்லிமீற்றர் பித்தளைக் கம்பி. கம்பி, பிடியின் மேல் ஆணிக்குப் போடும் வாசருக்கு வெளியே ஒரு மில்லிமீற்றர்தான் நீட்டி நிற்கலாம். கூட விட்டால் ஆணித் தலையாக அடிக்கும்போது மடங்கும்.

தீட்டும் வரிசை? (அக்கரைப்பற்று)

1000 எண் தீட்டுக்கல்லில்தான் பாதி வேலை. முழு வாயும் கைமயிரை வெட்டும்வரை அங்கேயே நில்லுங்கள். அவசரப்பட்டவர்கள்தான் பிறகு 'கல் சரியில்லை' என்கிறார்கள். பிறகு 4000, 8000, 12000. முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படவேண்டும், வாய் முன்னே போகவேண்டும், கத்தியின் பாரமே போதும். கடைசியாகத் துணியில் 30, தோல்வாரில் 60 தரம், இங்கே முதுகு முன்னே. திருப்பும்போது முதுகின்மேல் திருப்புங்கள். வாயின்மேல் திருப்பினால் தோலும் போகும் கூரும் போகும்.

முகத்தில் வைக்கமுன் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடையுங்கள். ஒருவரின் கத்தி அவருக்கு மட்டும்.

எப்படிப் பாதுகாப்பது? (காத்தான்குடி)

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, மாரியில் சுவரே வியர்க்கும். துடைத்து, ஒரு மணித்தியாலம் திறந்து காயவைத்து, தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி. தேங்காயெண்ணெய் நாளாகிப் பிசினாகும். தோலுறை ஈரத்தைப் பிடிக்கும், அதிலே வைக்காதீர்கள்.