மாதாமாதம் காய்ச்சல் வரும் குழந்தைக்கு என்னென்ன மருந்துகள் இருக்கின்றன? ஸ்டீராய்டு கொடுக்கலாமா?

உங்கள் கேள்வி இதுதான்: மூன்று வயது மகன், 14 கிலோ. நாலு வாரத்துக்கு ஒருமுறை 103, 104 டிகிரி காய்ச்சல் அடித்து, நாலைந்து நாளில் தானாகவே விட்டுவிடுகிறது. யூரின் கல்ச்சர், டைபாய்டு எல்லாம் பார்த்தாகிவிட்டது, ஒன்றும் இல்லை. டாக்டர் பிஎஃப்ஏபிஏ (வாய்ப்புண், தொண்டைப் புண்ணோடு குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் காய்ச்சல் நோய்) போலத் தெரிகிறது, பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார். ஸ்டீராய்டு என்றதும் வீட்டில் எல்லோரும் பயப்படுகிறார்கள். தடுப்பூசி போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் டாக்டர் இல்லை. என் மகளுக்கு இதே நோய் இருந்தது, அதனால் படித்ததும் டாக்டரிடம் துருவித் துருவிக் கேட்டதுமாகத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. திரும்பத் திரும்ப வரும் காய்ச்சல் எல்லாம் ஒரே நோய் இல்லை, ஒன்றுக்கு அருமையாகக் கேட்கும் மருந்து இன்னொன்றுக்குக் கேட்கவே கேட்காது. அதனால் எந்த மருந்து என்பதற்கு முன்னால் எந்தக் காய்ச்சல் என்பது ஓரளவாவது தெளிவாக வேண்டும். அதற்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி தினசரிக் காலண்டரில் எழுதி வைப்பது. காய்ச்சல் தொடங்கிய தேதி, மணி, அதிகபட்ச டிகிரி, வாய்ப்புண் உண்டா, தொண்டை சிவந்திருந்ததா, தாடைக்குக் கீழே நெறி கட்டியிருந்ததா, எந்த நாள் விட்டது. நாலைந்து சுற்று இப்படி எழுதியதைப் பார்த்துத்தான் எங்கள் டாக்டர் ஒரு முடிவுக்கு வந்தார். அதுவரை ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு கிளினிக், ஒவ்வொரு ஆன்டிபயாடிக். பிஎஃப்ஏபிஏ கிருமியால் வருவதில்லை, உடம்பின் எதிர்ப்பு மண்டலம் தானே கிளர்ந்தெழுவதால் வருவது, ஆகவே ஆன்டிபயாடிக் அதில் எதையும் செய்யாது. மூன்றாம் நாள் மருந்து மாற்றி, ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டதும் அந்த மருந்தால்தான் விட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், அது எப்படியும் அன்றைக்கு விட்டிருக்கும்.

பிஎஃப்ஏபிஏ என்பது 1987இல்தான் முதன்முதலாக மருத்துவ இதழில் விவரிக்கப்பட்டது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் தொடங்கும். காய்ச்சல், வாய்ப்புண், தொண்டைப் புண், கழுத்து நெறி, இவை நான்கின் ஆங்கில முதலெழுத்துகள்தான் அந்தப் பெயர், ஆனால் நான்கும் எல்லாச் சுற்றிலும் வரவேண்டும் என்றில்லை. இடைப்பட்ட நாட்களில் குழந்தை நன்றாகச் சாப்பிட்டு, ஓடி விளையாடி, உயரமும் எடையும் வயதுக்கேற்ப ஏறிக்கொண்டிருக்கும். காய்ச்சலின்போது சிஆர்பி (உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எகிறி இருக்கும், விட்டபின் எடுத்தால் நார்மலாக இருக்கும். ஐஸ்கிரீம் கொடுத்தாய், கண் பட்டுவிட்டது, பிள்ளைக்குச் சத்துப் போதவில்லை என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். இவை எதனாலும் இந்தக் காய்ச்சல் வருவதில்லை, உங்கள் வளர்ப்பில் குறை என்று யாரையும் சொல்ல விடாதீர்கள்.

சரி, மருந்துக்கு வருகிறேன்.

காய்ச்சல் மருந்து மட்டும் கொடுத்து அந்த நாலைந்து நாளைக் கடத்துவதும் முறையான வைத்தியம்தான். பிஎஃப்ஏபிஏ எந்த உறுப்பையும் கெடுப்பதில்லை, பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில வருடங்களில் தானே நின்றுவிடுகிறது. பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கு, உங்கள் மகனுக்கு 210 மில்லிகிராம். இங்கேதான் கவனம் வேண்டும்: நம் கடைகளில் 5 மில்லியில் 125 இருக்கும் சிரப்பும் உண்டு, 250 இருக்கும் சிரப்பும் உண்டு, ஒரு மில்லியிலேயே 100 இருக்கும் சொட்டு மருந்தும் உண்டு. அதே 210 என்பது முதலாவதில் எட்டு மில்லியைத் தாண்டும், இரண்டாவதில் நாலு மில்லி சொச்சம், மூன்றாவதில் இரண்டு மில்லிதான். பாட்டிலைப் பார்க்காமல் 'போன தடவை அஞ்சு மில்லி கொடுத்தோமே' என்று ஊற்றக் கூடாது. இபுப்ரோஃபென் இந்த நோயில் பாராசிட்டமாலைவிட நன்றாகக் கேட்பதாகப் பல பெற்றோர் சொல்வார்கள், எங்களுக்கும் அப்படித்தான். ஆனால் டெங்கு இல்லை என்று தெரியாதவரை இபுப்ரோஃபெனும் வேண்டாம், மெஃபனமிக் ஆசிடும் வேண்டாம், ரத்தக்கசிவு ஆபத்து உண்டு. நிமசுலைட் என்ற காய்ச்சல் மருந்து 12 வயதுக்குக் கீழே நம் நாட்டில் 2011லேயே தடை செய்யப்பட்டது, வீட்டில் பழைய பாட்டில் இருந்தால் தூக்கிப் போடுங்கள். ஆஸ்பிரினும் குழந்தைகளுக்குக் கூடாது.

அடுத்து ஸ்டீராய்டு. வீட்டில் பயப்படுவது முகம் உப்பி, எலும்பு கெட்டு, வளர்ச்சி நிற்பதை எண்ணித்தானே? அது மாதக்கணக்கில் தினமும் சாப்பிடுகிறவர்களுக்கு வருவது. இங்கே சொல்வது சுற்றின் தொடக்கத்தில் ஒரே ஒரு வேளை, கிலோவுக்கு ஒன்றிலிருந்து இரண்டு மில்லிகிராம், சில டாக்டர்கள் அதைவிடக் குறைத்தும் தொடங்குவார்கள், தேவைப்பட்டால் மறுநாள் இன்னொரு வேளை. பிஎஃப்ஏபிஏவாக இருந்தால் பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கிவிடும். என் மகள் கண்ணைத் திறக்காமல் மடியில் சுருண்டு கிடந்தாள், டோஸ் கொடுத்த அன்று மாலை தலையணை நனையும் அளவு வியர்த்துக் கொட்டியது, எழுந்து உட்கார்ந்து தயிர்சாதம் கேட்டாள். வாய்ப்புண் மட்டும் அவ்வளவு சீக்கிரம் ஆறவில்லை.

இதில் சொல்லித்தர வேண்டியவை சில உண்டு. பிரட்னிசோலோன் சிரப்பும் 5 மில்லியில் 5 மில்லிகிராம், 5 மில்லியில் 15 மில்லிகிராம் என்று இரண்டு பலத்தில் கிடைக்கிறது, மாற்றி வாங்கினால் அளவு மூன்று மடங்கு கூடும் அல்லது மூன்றில் ஒரு பங்காகும். எழுதித் தரும்போதே மில்லிகிராமில் எவ்வளவு, எந்த பாட்டிலில் எத்தனை மில்லி என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். கசக்கும், வாந்தி எடுத்தால் என்ன செய்வது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். முடிந்தால் காலையில் கொடுங்கள், இரவில் கொடுத்தால் பல குழந்தைகள் தூங்காமல் படுத்தி எடுக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், இது நோயைக் குணமாக்குவதில்லை, அந்தச் சுற்றை மட்டும் வெட்டுகிறது. கணிசமான குழந்தைகளுக்கு அடுத்த சுற்று சீக்கிரமே வந்துவிடும், நாலு வாரம் என்பது இரண்டு வாரம் ஆகலாம். அப்படி நெருங்கிக்கொண்டே போனால் டோஸ் எண்ணிக்கையும் ஏறும், அப்போது வேறு வழி யோசிக்க வேண்டும். எங்கள் டாக்டர் சொன்ன வழி எனக்குச் சரியாகப் பட்டது: ஒவ்வொரு சுற்றுக்கும் கொடுக்காமல், ஊருக்குப் போகும்போதோ, வீட்டில் விசேஷமோ, குழந்தை ரொம்பத் துவண்டு போனாலோ மட்டும் கொடுப்பது.

ஒரு எச்சரிக்கை. மாதாமாதம் வருகிறது என்பதற்காக இந்த மாதமும் அதேதான் என்று எண்ணி வீட்டில் இருக்கும் ஸ்டீராய்டை ஊற்றாதீர்கள். சளி, இருமல், வயிற்றுப்போக்கு, உடம்பில் தடிப்பு, பக்கத்து வீட்டில் டெங்கு, இப்படி ஏதாவது கூட இருந்தால் அது வேறு காய்ச்சலாக இருக்கலாம், முதலில் டாக்டரைப் பாருங்கள். மூச்சு வாங்குவது, கழுத்து விறைப்பது, சிறுநீர் குறைவது, எழுப்பினால் சரியாக விழிக்காதது, இதில் எது தெரிந்தாலும் நேராக ஆஸ்பத்திரிதான்.

வராமலே தடுக்க தினமும் கொடுக்கும் மருந்து கோல்சிசின். பெரியவர்களுக்கு யூரிக் ஆசிட் வாதத்துக்குக் கொடுக்கிற அதே மாத்திரை. பிஎஃப்ஏபிஏவில் சில குழந்தைகளுக்குச் சுற்றுகளின் எண்ணிக்கையைக் குறைக்கிறது, எல்லோருக்கும் இல்லை. வயிற்றுப்போக்குதான் வழக்கமான தொல்லை. அளவு கூடினால் உயிருக்கே ஆபத்தான மருந்து என்பதால் பூட்டி வைக்க வேண்டும், பாட்டியின் மாத்திரை டப்பாவோடு சேர்த்து வைக்கக் கூடாது. கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் ஆகியவற்றோடு சேர்ந்தால் கோல்சிசின் உடம்பில் தேங்கிவிடும், எனவே இருமலுக்கு வேறு டாக்டரிடம் போனாலும் இந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

பிறகு டான்சில் ஆபரேஷன். 2007இல் பின்லாந்தில் 26 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வில் ஆபரேஷன் செய்த 14 பேருக்கும் ஆறு மாதத்தில் காய்ச்சல் நின்றிருந்தது, செய்யாத 12 பேரில் 6 பேருக்கும் தானாகவே நின்றிருந்தது. 2009இல் இத்தாலியில் 39 குழந்தைகள், பதினெட்டு மாதம் பார்த்ததில் ஆபரேஷன் செய்தவர்களில் 63 சதவீதம் பேருக்கு முழுதாக நின்றது, செய்யாதவர்களில் 5 சதவீதம்தான். பலன் இருக்கிறது, ஆனால் சின்ன ஆய்வுகள், மயக்க மருந்தும் ஆபரேஷனுக்குப் பின் ரத்தக்கசிவு ஆபத்தும் உண்டு. மூன்று வயதில் முதல் வழியாக இதை எடுக்க நான் தயங்குவேன். ஸ்டீராய்டால் சுற்று நெருங்கி, கோல்சிசினும் கேட்காமல், மாதத்தில் பாதி நாள் பிள்ளை படுக்கையில் என்றால் அது வேறு.

பிஎஃப்ஏபிஏ இல்லை என்று சந்தேகம் வர வேண்டிய இடங்களும் உண்டு. ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் முடிந்து, கூடவே தாங்க முடியாத வயிற்றுவலி அல்லது நெஞ்சுவலி என்றால் எஃப்எம்எஃப் என்ற பரம்பரைக் காய்ச்சலாக இருக்கலாம். துருக்கி, ஆர்மீனியா, அரபு நாடுகள், யூதர்கள் இவர்களிடம் அதிகம், நம் ஊரில் அபூர்வம். அதற்கு ஸ்டீராய்டு உதவாது, 1972இலிருந்து கோல்சிசின்தான் மருந்து, அதுவும் குழந்தை நன்றாக இருக்கும்போதும் நிறுத்தாமல், ஏனென்றால் விட்டால் அமிலாய்டு என்ற புரதம் படிந்து சிறுநீரகம் கெடும். ஒரு வயதுக்குள் தொடங்கி, தடுப்பூசி போட்டதும் கிளம்பி, வயிற்றுப்போக்கும் வாந்தியும் சேர்ந்தால் எம்கேடி என்ற இன்னொரு பரம்பரைக் காய்ச்சலாக இருக்கலாம். ஒரு வாரத்துக்கு மேல் நீடித்துக் கண்ணைச் சுற்றி வீங்கினால் டிராப்ஸ், அதுவும் பரம்பரைக் காய்ச்சல்தான். இந்த இரண்டிலும் கோல்சிசின் கேட்காத எஃப்எம்எஃப்பிலும் அழற்சியைத் தூண்டும் ஐஎல்-1 என்ற பொருளைத் தடுக்கும் ஊசிகள், அனகின்ரா தினமும், கனகினுமாப் பெரும்பாலும் நாலு வாரத்துக்கு ஒருமுறை. விலை எக்கச்சக்கம், தொடங்கும் முன் காசநோய் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

இன்னொன்றை விட்டுவிடக் கூடாது. சைக்ளிக் நியூட்ரோபீனியா என்ற நோயிலும் 21 நாளுக்கு ஒருமுறை காய்ச்சலும் வாய்ப்புண்ணும் வரும், வெளியிலிருந்து பார்த்தால் பிஎஃப்ஏபிஏ போலவே. உள்ளே நடப்பது வேறு, கிருமியோடு போராடும் நியூட்ரோஃபில் அணுக்கள் சரிந்துவிடுகின்றன, அந்த நேரத்தில் தொற்று உயிரை எடுக்கலாம். அதற்கு அந்த அணுக்களைப் பெருக்கும் ஜி-சிஎஸ்எஃப் ஊசி. ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையில் இது தப்பிவிடும், அதனால் சில வாரங்களுக்கு வாரம் இரண்டு முறை சிபிசி (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) எடுத்துப் பார்ப்பார்கள். பிரட்னிசோலோன் தொடங்கும் முன் இதைப் பார்த்தாயிற்றா என்று உங்கள் டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். அவருக்கே சந்தேகம் இருந்தால் குழந்தைகள் ரூமட்டாலஜிஸ்ட் (மூட்டு, எதிர்ப்பு மண்டல நோய்களைப் பார்க்கும் நிபுணர்) ஒருவரிடம் எழுதி அனுப்பச் சொல்லுங்கள், சென்னை, வேலூரில் இருக்கிறார்கள்.

தடுப்பூசி பற்றியும் கேட்டிருந்தீர்கள். பிஎஃப்ஏபிஏவுக்காக எதையும் நிறுத்த வேண்டாம், காய்ச்சல் இல்லாத நாளாகப் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம், எப்போதோ ஒரு வேளை பிரட்னிசோலோன் கொடுத்தது அதற்குத் தடையில்லை. ஐஎல்-1 ஊசி தொடங்குவதாக இருந்தால் மட்டும் எம்எம்ஆர், சின்னம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகளை முன்கூட்டியே போட்டு முடிக்க முடியுமா என்று கேளுங்கள்.