சின்ன மீன் தொட்டியில் பாசி திரும்பத் திரும்பப் பிடிக்கிறது, என்ன செய்வது?

30 லிட்டர் தொட்டி, ஜன்னல் ஓரம், தேய்த்துக் கழுவினாலும் 10 நாளில் கண்ணாடி பச்சையாகிவிடுகிறது என்கிறீர்கள். முதலில் தொட்டியை ஜன்னலிலிருந்து நகர்த்துங்கள். வெயில் நேராக விழுந்துகொண்டிருக்கும் வரை மற்றது எதைச் செய்தும் பெரிய பலன் இருக்காது. விளக்கு ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும், ஞாபகம் வைத்து அணைப்பது நடக்காத காரியம் என்பதால் ஒரு டைமர் வாங்கி மாட்டிவிடுங்கள்.

அப்புறம் தீனி. மீன் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுதான் போட வேண்டும், மிஞ்சியது அடியில் அழுகி நைட்ரேட், பாஸ்பேட் என்ற சத்துகளாக மாறிப் பாசிக்கு உரமாகிறது.

வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள், குழாய்த் தண்ணீர் என்றால் குளோரினை நீக்கிய பிறகு ஊற்றுங்கள். முழுத் தொட்டியையும் காலி செய்து, பில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து கழுவுகிறவர்கள்தான் அதிகம் (நானும் செய்திருக்கிறேன்!). கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைக் குறைக்கும் நல்ல பாக்டீரியா அந்த ஸ்பாஞ்சில்தான் இருக்கிறது, அது செத்துப்போனால் அம்மோனியா ஏறி மீன் சாகலாம். தொட்டியில் எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசினால் போதும்.

வேலம்பாசி (பெயரில்தான் பாசி, இது நீர்ச்செடி) மாதிரி வேகமாக வளரும் செடி நாலைந்து போட்டால் அந்தச் சத்தை அதுவே இழுத்துக்கொள்ளும். கடைக்காரர் ‘டேங்க் கிளீனர்’ என்று சக்கர் மீனைத் தருவார், வாங்காதீர்கள். அது ஒரு அடிக்கு மேல் வளரும், அதன் கழிவே தனித் தலைவலி.

புதுத் தொட்டியில் வரும் பழுப்புப் படலம் மட்டும் வேறு, பெரும்பாலும் சில வாரங்களில் தானாகப் போய்விடும்.