தெய்வத்தைக் குடிக்கிற அரசன்

அன்புள்ள ஆசிரியருக்கு,
பழங்காலத் துருக்கியில் வாழ்ந்த ஹிட்டைட் மக்களின் திருவிழாச் சடங்குகளைப் பற்றி வாசித்தபோது, ‘அரசனும் அரசியும் உட்கார்ந்தபடி புயல் தெய்வத்தைக் குடிக்கிறார்கள்’ என்று ஒரு வரி வந்தது. மொழிபெயர்ப்புக் கோளாறா, இல்லை அந்த வினைச்சொல்லுக்கு முதலில் வேறு பொருள் இருந்ததா?
ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

கோளாறு இல்லை. அந்த வினை ‘எகு’. குடிப்பது என்பதுதான் அதன் பொருள். துருக்கியில் ஹிட்டைட் தலைநகரான ஹத்தூசாவின் இடிபாடுகளில் கிடைத்த களிமண் பலகைகளைச் செக் மொழியியலாளர் பெட்ரிக் ஹ்ரோஸ்னி 1915இல் படித்துக்காட்டினாரே, அவருக்குக் கதவைத் திறந்துவிட்ட வரியிலேயே அது இருக்கிறது: ‘நு நிண்டா-அன் எஸ்ஸத்தேனி, வாத்தர்-மா எகுத்தேனி’. நிண்டா ரொட்டிக்கான சுமேரியக் குறி என்பது தெரிந்த விஷயம். ரொட்டி வந்தால் தின்பதும் வரும், அப்புறம் வாத்தர், ஜெர்மனில் வாஸர், அதாவது தண்ணீர். அப்படியானால் கடைசிச் சொல் குடிப்பதாகத்தான் இருக்க வேண்டும். ஹிட்டைட்டும் சமஸ்கிருதம், லத்தீன், ஜெர்மன் எல்லாம் சேர்ந்த இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்து மொழி என்று பிடிபட்டது இப்படித்தான்.

பொருள் நகர்ந்தது வேறொரு வினையில். ‘குடிக்கிறான்’ என்பதற்குச் சமஸ்கிருதத்தில் பிபதி, லத்தீனில் பிபித். நாம் சொல்லும் பானமும் அதே வேர். ஹிட்டைட்டில் அந்த வேர் ‘பாஸ்’ என்று வருகிறது, ஆனால் பொருள் விழுங்குவது. எகுவின் உறவுச் சொல்லோ லத்தீனில் குடிபோதைக்காரனைக் குறிக்கும் ஏப்ரியுஸாக ஒதுங்கிவிட, மேற்குச் சீனாவில் வழங்கி மறைந்த தொகாரிய மொழியில் மட்டும் ‘யோக்’ என்று குடிப்பதாகவே நின்றது. ஹிட்டைட்டின் கிளை பிரிந்துபோன பிறகுதான் மற்ற மொழிகளில் விழுங்குவது குடிப்பதாக மாறியது என்று பலர் வாதிடுகிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

இனி உங்கள் வரி. அதில் தெய்வத்தின் பெயர் இரண்டாம் வேற்றுமையில், செயப்படுபொருளாகவே நிற்கிறது. தெய்வத்தை எப்படிக் குடிப்பது என்று தயங்கி, ‘தெய்வத்தின் பெயரால் குடிக்கிறார்கள்’ என்று மாற்றியவர்கள் உண்டு. ஹிட்டைட்டுகளுக்கு முன்பே அந்த மண்ணில் இருந்த ஹட்டி மக்களுடைய மொழியின் தொடரமைப்பு உள்ளே புகுந்துவிட்டது என்றும் ஒரு கருத்து இருக்கிறது. ஹிட்டைட் ஆய்வாளர் ஹான்ஸ் கூட்டர்போக், எழுதியிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். நான் அவர் பக்கம். காரணம் அவர்கள் பயன்படுத்திய பாத்திரங்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் கலைமானின் முன்னுடல் வடிவில் ஒரு ஹிட்டைட் வெள்ளிக் கிண்ணம் இருக்கிறது. அதன் விளிம்புப் பட்டையில் மான்மேல் நிற்கும் ஒரு தெய்வம், அங்கே பூசைக்கு வரும் மூவர், அவர்களில் ஒருவன் கூஜாவைச் சாய்த்து ஊற்றுகிறான். தெய்வத்தின் விலங்கையே கையில் ஏந்தி அதிலிருந்து குடித்தவர்கள் தெய்வத்தைக் குடிப்பதாக எழுதியதில் எனக்கு எந்த நெருடலும் இல்லை. நீங்கள் வாசித்த மொழிபெயர்ப்பையே நம்பித் தொடருங்கள்.